கோச்சா, மென்டரா?

“அக்கா, எனக்கு ஒரு மென்டர் வேண்டும்.” வானொலிக்குப் புதிதாக வரும் இளையர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது. எதற்கு என்று விசாரித்தால், “நேரலையில் படபடவென்று பேசிவிடுகிறேன்” என்பார்கள். அதற்குத் தேவை கோச்.

ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டிதான் அந்தச் சொல்லுக்கு மூலம். வண்டியைப் போலவே, ஓர் இலக்கில் இறக்கிவிடுவது கோச்சின் வேலை. பதிவைப் போட்டுக் காட்டி, “எங்கே மூச்சு வாங்கியது? அடுத்த முறை என்ன செய்யலாம்?” என்று கேட்டு, பதிலை உங்களிடமிருந்தே வரவழைப்பார். சில வாரங்களில் மாற்றம் காதில் கேட்கும்.

மென்டர், ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் பெயர். போருக்குப் போன ஒடிசியஸ், தன் மகனை ஒப்படைத்த நண்பர் அவர். “அறிவிப்பாளராகவே இருக்கலாமா, தயாரிப்புப் பக்கம் போகலாமா?” என்ற குழப்பத்துக்கு, அதே பாதையில் முன்னே நடந்த ஒருவரின் அனுபவம்தான் உதவும். அந்த உறவு ஆண்டுக்கணக்கில் நீளும்.

உங்கள் மேலாளர் நல்ல கோச்சாக இருக்கலாம். ஆனால், ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரிடமே “வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன்” என்று மனம் திறக்க முடியுமா? மென்டரை மட்டும் வேறு பிரிவில் தேடுங்கள்.