நடுவதற்கு முன் நிற்பதைக் காப்போம்

ஒவ்வொரு கார்த்திகையிலும் எமது கிராமங்களில் மரநடுகை நடைபெறுகின்றது. நல்ல முயற்சியே. ஆனால் நடுவதற்காக நிலத்தைத் துப்புரவாக்கும்போது, அங்கு தானாகவே முளைத்து நிற்கும் கன்றுகளைப் பற்றையென்று வெட்டிவிடுகின்றோம். வன்னிக் கிராமமொன்றில் நடந்த சிரமதானத்தில், முழங்கால் உயரப் பாலைக் கன்றுகள் வெட்டிக் குவிக்கப்பட்டதைக் கண்டேன். வெட்டியவர்கள் பாலைப்பழம் உண்டு வளர்ந்தவர்களே. மரத்தை அறிந்தவர்களுக்குக் கன்று தெரியவில்லை.

இது சிறிய இழப்பன்று. பாலை மிக மெதுவாக வளரும் மரம். விழுந்த இடத்திலேயே முளைத்த கன்றின் ஆணிவேர் தடையின்றி ஆழம் செல்லும். பொலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேரோ பைக்குள்ளேயே சுருண்டுவிடும். நீண்ட கோடையைத் தாங்கவேண்டிய எமது நிலத்தில் இந்த வேறுபாடு பெரிது.

கன்றை இனங்காண்பது கடினமான வித்தையல்ல. பாலையின் தடித்த இலை நுனியில் சிறு பிளவு இருக்கும். கிள்ளினால் பால் கசியும். விளாவுக்கு முள் உண்டு. சிற்றிலைகளைத் தாங்கும் காம்பின் இருபுறமும் மெல்லிய சிறகு போன்ற விளிம்பு இருக்கும். இலையைக் கசக்கினால் மணக்கும். முதிரையின் சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். வேம்பு முளைத்ததும் வரும் முதல் இலைகள் மும்மூன்று சிற்றிலைகள் கொண்டவை. அதனால் பலருக்கு அது வேம்பென்று தெரிவதில்லை. புளி, தடித்த இரு வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு முளைக்கும்.

எல்லாக் கன்றையும் விட்டுவைத்தால் பயிர் செய்வது எங்கே என்று விவசாயி கேட்பது நியாயமே. பயிர் நிலத்தின் நடுவில் அல்ல. வேலியோரம், பாடசாலை வளவு, ஆலய வளவு ஆகிய இடங்களில் நிற்பவற்றையாவது காப்போம். மண்வெட்டி எடுப்பதற்கு முதல்நாள், காடறிந்த முதியவர் ஒருவருடன் மறைக்கல்விப் பிள்ளைகள் அந்த நிலத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கன்றிலும் ஒரு துணித்துண்டைக் கட்டட்டும். அதற்குச் செலவில்லை. முதியவரின் அறிவும் பிள்ளைகளிடம் சேரும். ஆடுமாடு கடிக்காமல் முள்ளடைப்பதும் அவர்கள் பொறுப்பாகட்டும்.

களையைப் பிடுங்கும் அவசரத்தில் கோதுமையையும் பிடுங்கிவிடக் கூடாதென்று நற்செய்தி உவமை எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கை எமது சிரமதானங்களுக்கும் உரியது. இறைவன் நட்டுவைத்த கன்றை வெட்டிவிட்டு, அதே இடத்தில் நாம் ஒன்றை நடுவது மரநடுகையாகாது.