தலை மாறி வரும் சூரன்

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டங்களில், 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகையில், ஒரே அரக்கனைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் அவன் பலத்தை மட்டும் கூட்டினால் போதாது. குற்றாலத்தை அடுத்த இலஞ்சி முதல் திருச்செந்தூர் வரை ஐப்பசி சஷ்டியில் நடக்கும் சூரசம்ஹாரத்தைப் பாருங்கள். சூரன் பொம்மையின் உடம்பு அதேதான். யானைத் தலை போய்ச் சிங்கத் தலை, பிறகு சூரனின் சொந்தத் தலை. தாரகன், சிங்கமுகன், சூரபத்மன்: ஆள் வேறு, பகை ஒன்று. ஆகவே, முதலில் வந்தவனை ஆட்டக்காரர்கள் சட்டென்று கொன்றுவிட்டால் கதை முறிந்துபோகுமே என்ற கவலை வேண்டாம்; தம்பி செத்த கோபத்தில் அண்ணன் வருவான். எதிரி இன்னான் என்று தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். அடுத்த தலை எது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டம் என்னவோ வருஷா வருஷம் முண்டியடிக்கத்தான் செய்கிறது. கடைசியில் மாமரமாய் நின்றவன் பிளவுண்டு மயிலும் சேவலுமாகிறான். கொல்லாமல் ஆட்கொள்ளும் அந்த வழியையும் உங்கள் ஆட்டத்தில் திறந்து வையுங்கள்.