தயங்காத தலைவன்: ஒரு மூலப்பிரதிக்கு நேர்ந்த கதி

தொலைக்காட்சி ஒரு கூட்டுக்கலை. அங்கே எழுத்தாளனின் பிரதி வெறும் மூலப்பொருளே என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தின் முற்பாதியை நாம் ஏற்கலாம், பிற்பாதியை ஏற்பதற்கில்லை. அமெரிக்க அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஹார்லன் எலிசன் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கென எழுதிய 'நித்தியத்தின் விளிம்பிலுள்ள நகரம்' என்னும் பிரதிக்கு நேர்ந்த கதியே இதற்குத் தக்க சான்று.

1967 ஏப்ரல் 6 ஆம் திகதி ஒளிபரப்பான அந்நாடகம் எலிசனின் பெயரையே தாங்கி வந்தது. எனினும், தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி உட்படப் பலரின் கைகள் அதனைத் திருத்தியிருந்தன. மனங்கசந்த எலிசன் தமது பெயருக்குப் பதிலாக 'கோர்ட்வெய்னர் பேர்ட்' என்ற புனைபெயரை இடுமாறு கோரினார். அதுவும் மறுக்கப்பட்டது.

மாற்றப்பட்டவை யாவை? மூலப்பிரதியில் விண்கலத்தின் உள்ளேயே போதைப்பொருள் விற்பவன் ஒருவன் உளன். பெக்வித் எனும் அவன் கொலையும் புரிந்து, காலவாயிலினூடாகப் பொருளாதார மந்தகால நியூயோர்க்கிற்குத் தப்பியோடுகிறான். அதனால் வரலாறே திரிகிறது. ஒளிபரப்பில் அவன் இல்லை. தவறுதலாகத் தம்முடலில் மருந்தேற்றிச் சித்தங்கலங்கிய டொக்டர் மக்கோய் ஓடுகிறார். குற்றம் விபத்தாயிற்று. வெர்டன் போரிலே கால்களை இழந்து தெருவோரத்தில் வாழும் ட்ரூப்பர் என்ற முன்னாட் போர்வீரனும் மூலப்பிரதியில் வருகிறான். அவன் இறந்தாலும் வரலாறு அசைவதில்லை. அந்த அலட்சியத்தின் கொடுமையை உணர்த்தவே எலிசன் அவனைப் படைத்தார். ஒளிபரப்பில் அவனுக்கும் இடமில்லை.

யாவற்றினும் பாரதூரமானது முடிவிலே செய்யப்பட்ட மாற்றமாகும். வரலாறு சீர்பெற வேண்டுமாயின், கப்டன் கேர்க் காதலிக்கும் எடித் வீதி விபத்தொன்றில் இறந்தேயாக வேண்டும். ஒளிபரப்பில், அவளைக் காக்க விரையும் மக்கோயைக் கேர்க் தாமே பற்றி நிறுத்துகிறார். மூலப்பிரதியிலோ அவளைச் சாகவிடக் கேர்க்கினால் முடியவில்லை. ஸ்பொக்கே செயற்பட நேர்கிறது. அவளைக் காக்க முனைபவனோ கொலைகாரனாகிய பெக்வித்!

கடமைக்காகக் காதலைத் துறக்கும் கேர்க்கின் முடிவும் அவலச்சுவை மிக்கதே என்பர். உண்மை, அதனை நாம் மறுக்கவில்லை. செலவையும் நேரவரையறையையும் கருதிக் காட்சிகளைக் குறைப்பதும் நியாயமே. ஆனால், ஒரு மனிதன் தயங்குவதைக் காட்டுவதற்கு எத்துணைச் செலவாகும்? இங்கு வெட்டப்பட்டது காட்சியன்று, கருத்து. உயர்ந்தவனும் தளரக்கூடும், கீழ்மகனிடத்தும் ஒருகணம் அருள் சுரக்கக்கூடும் என்ற மானிட உண்மையே வெட்டப்பட்டது. அடுத்த வாரமும் அதே தலைவன் மாசுமறுவின்றித் திரையில் தோன்றவேண்டும் என்பதே தொடர் நாடகத்தின் வர்த்தக நியதி. அந்நியதிக்குக் கலைநியாயம் எனப் பெயர் சூட்டுவதையே நாம் எதிர்க்கிறோம்.

எலிசனின் பிரதியில் ஸ்கொட்டி போதைப்பொருள் விற்கிறார் என்று ரொடன்பெரி பிற்காலத்திற் கூறியதுமுண்டு. விற்பவன் பெக்வித், ஸ்கொட்டி அல்லர். பிரதியைத் திருத்தியோர் அதன் நினைவையும் திருத்த முற்பட்டனர் போலும்!

1968 இல் ஒளிபரப்பு வடிவம் ஹியூகோ விருதைப் பெற்றது. மூலப்பிரதி அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. இரண்டும் சிறந்தவை எனக் கூறி இவ்வழக்கை முடித்துவிடுதல் எளிது. ஆயின், ஒன்றைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். மற்றதோ 1976 இல் ஒரு தொகுப்பிலும் 1990களில் தனிநூலாகவும் அச்சேறும்வரை பொதுவாசகரை எட்டவில்லை. எலிசன் 2018 இல் மறைந்தார். இன்று இரு வடிவங்களும் நம் முன் உள்ளன. திரையிற் கண்டதையே படைப்பாளியின் குரலெனக் கொண்டு தீர்ப்பு வழங்கும் விமர்சகர், இனி அறியாமையைச் சாட்டாகக் கூறமுடியாது.