ஓய்வு நேரக் கைவினை: பூட்டில்லாத பெட்டி

யப்பானியத் தச்சர்கள் ஆணியைத் தொடுவதேயில்லை என்றொரு கதை நம்மிடையே வழங்கிவருகின்றது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் அது பாதியே உண்மை. நாரா நகருக்கு அண்மையிலுள்ள ஹோர்யூஜி என்னும் பௌத்த ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். உலகில் இன்று நிலைத்து நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழையவை அங்கேதான் உள்ளன. முதலில் எழுந்த ஆலயம் 670 ஆம் ஆண்டிலே தீக்கிரையாயிற்று. அதன்பின் கட்டிய மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. அங்கும் ஆணிகள் உண்டு. கொல்லர் உலையிற் காய்ச்சி அடித்த இரும்பாணிகள் அவை. ஆனால், தூணையும் உத்தரத்தையும் பிணைத்து நிற்பன பெரும்பாலும் மரத்தோடு மரம் கவ்வும் பொருத்துகளேயாம்.

ஆகவே, யப்பானிய மரவேலையின் சிறப்பு ஆணியை ஒதுக்குவதில் இல்லை. மரத்தின் இயல்பை அறிந்து அதற்கு இடங்கொடுத்துச் செய்வதிலேயே இருக்கின்றது. அறுத்து உலர்த்திய பின்னரும் பலகை ஓய்ந்துவிடுவதில்லை. மழைக்காலத்திற் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும். வறண்ட காலத்திற் சுருங்கும். இம்மாற்றம் நாரோட்டத்திற்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்திலே நிகழ்வது. நீளத்தில் நிகழ்வது மிகச் சொற்பம். இதனை மறந்து பலகையை நாற்புறமும் இறுக்கிவிட்டால் அது நடுவே வெடித்துவிடும். வீட்டு அலுமாரிக் கதவுகள் சில மாரியில் இறுகுவதற்கும் கோடையிற் பிளப்பதற்கும் இதுவே காரணம்.

அவர்களுடைய கருவிகளும் இப்பொறுமைக்கு ஏற்றவை. மேனாட்டு வாள் தள்ளும்போது மரத்தை அறுக்கும். யப்பானிய வாளோ இழுக்கும்போது அறுக்கும். இழுபடும் தகடு வளைவதில்லை. ஆதலால் அதனை மிக மெல்லியதாகச் செய்யலாம். மெல்லிய வாள் ஒடுங்கிய கோட்டையே விட்டுச் செல்லும். கைக்கும் வேலை குறையும். சீவுளியையும் அவர்கள் தம்மை நோக்கி இழுத்தே சீவுவர்.

இக்கலையை வேற்று நாட்டிலே வளர்த்தவர்களுள் ஜோர்ஜ் நாகாஷிமா ஒருவர். 1905 இல் ஐக்கிய அமெரிக்காவில், யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த இவர் கட்டடக்கலை பயின்றவர். தமிழர்க்கு இவரோடு ஒரு தொடர்பும் உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்ட் விடுதி எழுந்த காலத்தில், 1930களின் இறுதியில், அவ்வேலையை மேற்பார்வை செய்தவர் இவரே. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அமெரிக்க அரசு யப்பானிய வம்சத்தவரை முகாம்களில் அடைத்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் இவரும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெந்தாரோ ஹிக்கோகாவா என்னும் தச்சர், கழித்த பலகைத் துண்டுகளைக்கொண்டே இவருக்குப் பழைய முறைகளைப் பழக்கினார். பிற்காலத்திற் பென்சில்வேனியாவில் இவர் செய்த மேசைகளிலே பலகையின் வெடிப்பு மறைக்கப்படவில்லை. வண்ணத்துப்பூச்சியின் வடிவான சிறு மரத்துண்டொன்றை அதன் குறுக்கே பதித்து, வெடிப்பு மேலும் விரியாமற் பிணைத்தார். குறையென்று பிறர் கழித்த பலகை அவர் கையிலே வீட்டின் நடுவே வைக்கும் மேசையாயிற்று.

இனி, நாம் செய்யத்தக்க பொருளொன்றைக் கூறுவோம். யப்பானியத் தச்சர் தம் கருவிகளை வைக்கும் பெட்டி அது. பூட்டில்லை, பிணைச்சலில்லை, ஓர் ஆப்பே மூடியைக் காக்கும். வீட்டில் எஞ்சிய பலாப்பலகையோ வேப்பம்பலகையோ இதற்குப் போதும். முக்கால் அங்குலத் தடிப்பாக இருத்தல் நன்று. வாள், சீவுளி, மூலைமட்டம், துறப்பணம், சுத்தியல் ஆகியன வேண்டும். சிறுவர் செய்வதாயின் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம்.

பக்கப் பலகைகள் இரண்டு: நீளம் 18 அங்குலம், உயரம் 7 அங்குலம். முனைப் பலகைகள் இரண்டு: நீளம் 8, உயரம் 7. அடிப்பலகை ஒன்று: நீளம் 18, அகலம் 9½. முனைப் பலகைகளின் நாரோட்டம் நிலத்திற்குச் சமாந்தரமாக ஓடவேண்டும். அப்பொழுதுதான் நாற்புறமும் ஒருங்கே விரிந்து ஒருங்கே சுருங்கும். முனைப் பலகைகளைப் பக்கப் பலகைகளுக்கு இடையே, அவற்றின் முனைகளோடு ஒட்ட வைத்து, துறப்பணத்தாற் சிறு துளையிட்டபின் ஆணி அறைக. துளையிடாது அறைந்தால் விளிம்பு பிளக்கும். பின்னர் அடிப்பலகையைப் பொருத்துக.

மேலே, இரு முனைகளிலும் 9½ அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள குறுக்குப் பலகையொன்றை வைத்து அறைக. இடையிலே 12 அங்குல வாய் திறந்திருக்கும்.

மூடியின் நீளம் 14 அங்குலம். அகலம் 8 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். மாரியில் அது விரிய இடம் வேண்டுமல்லவா? மூடியின் மேல் 9½ அங்குல நீளமும் 1½ அங்குல அகலமும் உள்ள இரு சட்டங்களைக் குறுக்கே பொருத்துக. ஒன்று மூடியின் ஒரு முனையிலிருந்து 1 அங்குலமும், மற்றையது மறு முனையிலிருந்து 2¼ அங்குலமும் தள்ளியிருத்தல் வேண்டும். இவற்றைப் பசையால் ஒட்டாது, நடுப்பகுதியில் மட்டும் இரண்டிரண்டு ஆணிகளால் இணைத்தால் மூடி வெடிக்காது. சட்டங்கள் பெட்டியின் விளிம்பிலே தங்க, மூடி பக்கப் பலகைகளுக்கு இடையே அமையும்.

மூடும் வகையைக் கவனியுங்கள். 2¼ அங்குலம் விட்ட முனையை முதலில் ஒரு குறுக்குப் பலகையின் கீழ்ச் செருகி, முட்டும்வரை தள்ளுக. மறு முனை வாயினுள் இறங்கும். பின்னர் மூடியை எதிர்த்திசையில் இழுத்தால் இம்முனையும் தன் குறுக்குப் பலகையின் கீழே நுழைந்து நிற்கும். முதற் பக்கத்திலே 1¼ அங்குல இடைவெளி தோன்றும். ஆப்பு நுழையவேண்டிய இடம் அதுவே. அப்பக்கத்துச் சட்டத்தின் வெளிவிளிம்பை ஒரு முனையிற் கால் அங்குலம் குறையுமாறு சரிவாகச் சீவுக. 11 அங்குல நீளமான ஆப்பையும் அதே சரிவிற் செய்க. அதன் சிறு முனை 1¼ அங்குலமும் பெரு முனை 1½ அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கட்டும். அகன்ற பக்கத்தால் ஆப்பை நுழைத்து மெல்லத் தட்டினால் மூடி அசையாது.

மாணவர் இதனைச் செய்யும்போது அளவுகோலிலும் கண்ணை அதிகம் நம்பப் பழகுவர். ஒவ்வொரு துண்டையும் அறுக்குமுன் அதன் இடத்திலே வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டாகும். ஆப்பு ஒரே நாளிற் பொருந்தாவிடினும் குற்றமில்லை. ஒரு சீவல் எடுத்துப் பார்த்து, மீண்டும் ஒரு சீவல் எடுப்பதே முறை. மிகையாகச் சீவியதை மீண்டும் ஒட்ட இயலாது.

பெட்டிக்கு வர்ணம் வேண்டியதில்லை. நன்கு சீவிய பலாப்பலகையின் பொன்னிறம் நாட்செல்லச் செல்லத் தானே கருமை கலந்து அழகு பெறும். கோடையில் ஆப்புத் தளரக் கண்டாற் பெட்டி பழுதாயிற்று என்று எண்ணவேண்டாம். மரம் சற்றுச் சுருங்கியிருக்கின்றது. ஆப்பின் தலையில் ஒருமுறை தட்டினாற் போதும்.