உணவு நெறியும் நோயறிதலும்

ஆயுர்வேத உணவு நெறிகளையும் இக்கால மருத்துவத்தையும் ஒருங்கே கைக்கொள்ளலாமா என்னும் வினா, குடல் நோயுற்றோரின் இல்லங்களில் அடிக்கடி எழுவதாகும். கைக்கொள்ளலாம் என்பதே தக்க விடை. ஆயினும், எவ்விஷயத்தில் எதன் சொல்லைக் கேட்பது என்னும் வரையறை முதற்கண் வேண்டும். சீலியாக் நோய் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. அது உட்சென்றவுடன், இந்நோயாளரின் உடலிலுள்ள தற்காப்பு ஆற்றலே அவர்தம் சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடலிற் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பொருமல், இரத்தசோகை, குழந்தைகளிடத்து வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சு மருத்துவர் டிக்கே 1950-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் விளக்கினார். கோதுமை அன்றாட உணவாக உள்ள வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகிறது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

இனி, சரக சம்ஹிதை கூறுவதைக் காண்போம். உணவைச் சூடாகவும் அளவாகவும் உண்க. முன் உண்டது ஜீரணித்த பின்னரே உண்க. விரைந்தும் உண்ணற்க, மிகத் தாமதித்தும் உண்ணற்க. மனத்தை உணவில் நிறுத்தி உண்க என்பன அதன் விதிகள். இவற்றுள் எதுவும் சீலியாக் நோயாளருக்குத் தீங்கு பயப்பதன்று. இவற்றைத் தடையின்றிப் பின்பற்றலாம்.

இடர் பிறப்பது உண்ணும் முறையில் அன்று, உண்ணும் பொருளில்தான். நாள்தோறும் உண்ணத்தக்கவை எனச் சரகர் கூறுவனவற்றுள் நெல்லரிசியும் பச்சைப்பயறும் நெல்லிக்கனியும் உள்ளன; வாற்கோதுமையும் உள்ளது. முன்னவை மூன்றும் இந்நோயாளருக்கு ஏற்றவை. பின்னது நஞ்சுக்கு ஒப்பானது. செரிமானத்திற்கென்று சேர்க்கும் பெருங்காயத்தையும் ஆராய்ந்தே வாங்குதல் வேண்டும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சிறிது சிறிதாகப் பழகினால் உடல் ஏற்கும் என்னும் கருத்தும் இங்குப் பொருந்தாது. கைப்பிடி மாவும் தீங்கே. ஒரு துணுக்கு ரொட்டியும் தீங்கே. அரிசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவை கோதுமையின் இடத்தை நிரப்ப வல்லவை.

களப்பணியாளரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ளத்தக்கது மற்றொன்று உண்டு. வயதுக்கேற்ற உயரமின்றி, இரும்புச்சத்து மாத்திரை உண்டும் சோகை நீங்காது, அடிக்கடி வயிற்று நோவால் பள்ளிக்கு வாராத குழந்தையைக் கண்டால், மருத்துவமனைக்கு அனுப்புவதே முதற் கடமை. அதற்கு முன்னரே கோதுமையை நிறுத்திப் பார்க்குமாறு பெற்றோரிடம் கூறுதல் தவறு. கோதுமையை நிறுத்தியபின் செய்யும் இரத்தப் பரிசோதனையிலும் குடற்சதைப் பரிசோதனையிலும் நோய் புலப்படாமற் போகலாம். உண்மை அறியாமலேயே ஆண்டுகள் கழிந்துவிடும்.

சரக சம்ஹிதையின் உணவு விதிகளுள் இறுதியானது, தன்னை நன்கு ஆராய்ந்து உண்க என்பதாகும். தனக்கு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்று அறிதலே அதன் பொருள். அன்று அனுபவத்தால் மட்டுமே அறிந்ததை இன்று பரிசோதனையாலும் அறிய முடிகிறது. எனவே, எதனை விலக்குவது என்பதை நோயறிதல் தீர்மானிக்கட்டும். எஞ்சியதை எவ்வாறு உண்பது என்பதைப் பழைய நெறி கற்பிக்கட்டும். இவ்வரிசை மாறாதிருப்பின் இரண்டிற்கும் முரண்பாடு இல்லை.