எடுத்த பிரதியும் மீண்ட தளமும்

பெரிய வலைத்தளம் ஒன்றை நடத்தும் அலுவலகத்தை அணுகி, “காப்புப் பிரதி எடுக்கிறீர்களா?” என்று வினவினால், “நாள்தோறும் எடுக்கிறோம்” என்னும் விடை எளிதிற் கிடைக்கும். அவ்விடை உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அது போதாது. “அப்பிரதியைக்கொண்டு தளத்தைக் கடைசியாக என்று மீட்டுப் பார்த்தீர்கள்? அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று?” என்பதே கேட்கத்தக்க வினா. இதற்குத் தேதியிட்ட விடை தரவியலாத அலுவலகத்தில் காப்புப் பிரதி என ஒன்று இருப்பதாகக் கருதுவதற்கில்லை.

அரசினர் தளங்களும் கல்வித் தளங்களும் பல இன்று உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின்மீது இயங்குகின்றன. 2001-இல் வெளியான ட்ரூபலும் 2003-இல் வெளியான வேர்ட்பிரஸும் இவ்வகையிற் பெயர்பெற்றவை. நிரலெழுத அறியாத ஆசிரியரும் தம் பாடக்குறிப்பைத் தாமே தளத்தில் ஏற்றலாம் என்பது இவற்றால் விளைந்த பெரும் நன்மை. ஆனால் இவ்வகைத் தளத்தில் வாசகர் காணும் பக்கம், பக்கமாக எங்கும் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அவர் கேட்கும்போதே அது கூட்டியமைக்கப்படுகிறது. கட்டுரையின் எழுத்து தரவுத்தளத்தில் உள்ளது. படங்களும் பி.டி.எப். கோப்புகளும் வேறோரிடத்தில் உள்ளன. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் பகுதிகளும், பின்னர்ச் சேர்த்த நீட்சிகளும் தனியே உள்ளன. தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லோ மற்றொரு சிறு கோப்பில் அடங்கியிருக்கிறது. தரவுத்தளம் மட்டும் மீண்டால் கட்டுரை இருக்கும், படம் இராது. கோப்புகள் மட்டும் மீண்டாலோ ஆயிரம் படங்கள் கைக்கு வரும்; எந்த இலைப்புள்ளி எந்தப் பயிர்நோயைக் குறித்தது என்று அறிய வழியிராது.

‘காப்புப் பிரதி’ என்னும் தமிழ்ச்சொல்லும் சற்றே மயக்கம் தருவது. காப்பு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் காவல் கிடைத்துவிட்டதாக மனம் அமைதியடைகிறது. பிரதி எடுத்தல் வேறு, அதனாற் பயன் கொள்ளுதல் வேறு என்பதைக் கிட்லேப் என்னும் தளத்தில் நேர்ந்த விபத்து நன்கு விளக்கும்.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் பெருந்தளம் அது. 2017 ஜனவரி 31 அன்று இரவு, இணைத் தரவுத்தளத்தில் எழுந்த ஒரு கோளாற்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இணைச் சர்வரில் அழிக்க எண்ணிய அடைவை முதன்மைச் சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் எஞ்சியிருந்தது சுமார் 4.5 கிகாபைட் மட்டுமே. பிரதிகளைத் தேடினர். நாள்தோறும் பிரதி எடுக்கவேண்டிய நிரல், தரவுத்தள மென்பொருளின் பதிப்போடு பொருந்தாமையால், நெடுநாளாகத் தோல்வியுற்றிருந்தது. அத்தோல்வியைத் தெரிவிக்கவேண்டிய மின்னஞ்சல்களும், உரிய கையொப்பம் இன்மையால், பெறுவோரை அடையாமலே தடுக்கப்பட்டிருந்தன. பிரதிகள் இருக்கவேண்டிய சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. இறுதியில் உதவியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் கைப்பட எடுத்திருந்த பிரதி. அது தற்செயலாகக் கிட்டியது.

அந்நிறுவனம் இவற்றை மறைக்கவில்லை; மீட்புப் பணியை நடக்கும்போதே உலகறியச் செய்தது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில், பிரதிகள் ஏன் சோதிக்கப்படவில்லை என்பதற்குக் கூறிய காரணமே முக்கியமானது: அப்பணி எவருடைய பொறுப்பும் அன்று. கருவியில் நேர்ந்த குறையினும் இது பெரிய குறை. நிர்வாகத்தில் உள்ளோர் இவ்வறிக்கையைப் பொறியியல் நூலாக எண்ணி ஒதுக்கிவிடாமல், அலுவலக ஒழுங்கு பற்றிய பாடமாகப் படித்தல் நலம்.

பிரதி இருக்கும் இடமும் கருதத்தக்கது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றும் எரிந்து போயிற்று. மூலத்தையும் பிரதியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். நீட்சி ஒன்றை நிறுவி, அது எடுக்கும் பிரதிகளை அதே சர்வரில் குவித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அலுவலகமும் இந்நிலையில்தான் உள்ளது.

பிரதியின் வயதைப் பற்றி எண்ணுவோர் குறைவு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபலில் கொடிய பாதுகாப்புக் குறை ஒன்று அறிவிக்கப்பட்டது. திருத்தமும் உடன் வெளியாயிற்று. இரு வாரங்கள் கழித்து அத்திட்டத்தினர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டதாகவே கொள்ளவேண்டும், அக்டோபர் 15-க்கு முந்தைய பிரதியைக்கொண்டே அதை மீட்கவேண்டும் என்பது அதன் சாரம். இந்திய நேரப்படி அந்த ஏழு மணி நேரம் இரவு 9.30 முதல் விடியற்காலை 4.30 வரை. எந்த அலுவலகம் அப்போது திறந்திருக்கும்? அன்றியும், கடைசி ஏழு நாட்பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையனவற்றை அழித்துவிடும் வழக்கமுள்ள தளத்தில், எச்சரிக்கை வந்த நாளில் எஞ்சியிருந்த பிரதிகள் யாவும் நஞ்சு கலந்திருக்கக்கூடியனவே.

நல்ல பிரதி உதவிய நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. 2022 நவம்பரில் புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பிறரால் மறைகுறியாக்கப்பட்டது. பாதிப்புறாத வேறொரு காப்புச் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டது என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எனினும் அதுவரையிற் பணிகள் பலவற்றைக் கைப்படச் செய்யவேண்டியதாயிற்று. தரவு பிழைப்பது ஒன்று, பணி விரைவில் மீள்வது மற்றொன்று.

ஒத்திகைக்கு வேறு சர்வர் வேண்டும், ஆள் வேண்டும், செலவு ஆகும் என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆனால் செலவு அஞ்சத்தக்க அளவினது அன்று. பெரிய தளத்திலும் எழுத்துப் பகுதி சிறியதே; இடத்தைக் கொள்வன படங்களும் ஒளிக்காட்சிகளும். ஒத்திகைக்கு வேண்டிய சர்வரைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்குப் பெறலாம். இயங்கும் தளத்தை நிறுத்தவேண்டுவதில்லை. உண்மையில் அரிதாக இருப்பது பணமன்று. அப்பணிக்கென ஒரு நாளும் ஒரு பெயரும் ஒதுக்கும் மனமே. இடர்க்காலத் திட்டம் வேண்டும் என இந்திய அரசின் வலைத்தள வழிகாட்டு நெறிகள் கூறத்தான் செய்கின்றன. திட்டம் கோப்பில் இருந்தால் மட்டும் தளம் எழுந்துவிடாது. ஒப்பந்தப் பத்திரத்தில் ‘காப்புப் பிரதி எடுத்தல்’ என்று எழுதுவதை விடுத்து, ‘மூன்று திங்களுக்கு ஒருமுறை மீட்டுக் காட்டுதல்’ என்று எழுதி, அதன்பின்னரே தொகை வழங்குதல் வேண்டும்.

இவ்வொத்திகையில் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இடம் உண்டு. பக்கம் திறக்கிறதா என்பதைத் தொழில்நுட்பர் காண்பார். அட்டவணையின் கடைசி மூன்று வரிகள் மறைந்தமை எழுதியவர்க்கே தெரியும். தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் இன்றியமையாதது. பிரதி எடுக்கும்போதோ மீட்கும்போதோ எழுத்துக் குறியாக்கம் மாறிப்போனால், ஆங்கிலம் பழுதின்றித் தோன்றும். தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பிரதியிலேயே கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்ட எழுத்தைப் பின்னர் எவ்வகையாலும் திரும்பப் பெற இயலாது. தமிழறியாத பொறியாளர் தொலைவிலிருந்து முகப்புப் பக்கத்தை மட்டும் நோக்கி, ‘தளம் மீண்டது’ என்று எழுதிவிடக்கூடும். ஆதலின் ஒவ்வோர் ஒத்திகையிலும், தாம் எழுதிய பக்கங்களிற் பத்தையேனும் திறந்து பார்க்குமாறு களத்தில் உள்ளோரை அழைத்தல் வேண்டும். அவர்கள் பார்த்து ஒப்பமிடும்வரை, தளத்திற்கு அனுப்பிய மூலக்கோப்புகளைத் தம் கணிப்பொறியிலிருந்து அழியாதிருத்தலும் வேண்டும்.