துப்பாக்கிக்கும் சேலைக்கும் ஒரே சோதனைதான்



முதலில் ஒரு மன்னிப்பு. போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ‘மாவீரன் பகத்சிங் ஏந்திய துப்பாக்கி, உணர்வு இருந்தால் பகிருங்கள்’ என்று போட்டிருந்தது. நானும் ஒரு கும்பிடு போட்டு மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். வாத்தியாரே அனுப்பிவிட்டார் என்று நீங்களும் அனுப்பினீர்கள். மறுநாள் பேரன் கேட்டான்: “தாத்தா, இதுல சுத்துற உருளை இருக்கே, இது ரிவால்வர். பகத்சிங் வச்சிருந்தது பிஸ்டல் ஆச்சே?”

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்து படித்தேன்.

1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பகத்சிங்கின் துப்பாக்கி என்று பதிவானது, அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி செய்த .32 ஆட்டோமேட்டிக் பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும்; சுழலும் உருளை கிடையாது. அதன் எண் 168896.

பிறகு பல ஆண்டுகள் அது எங்கே போனது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் பழைய பதிவேடுகளைப் பிடித்துக்கொண்டு தேடினார். பஞ்சாபின் பில்லூர் போலீஸ் பயிற்சி மையத்திலிருந்து, இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு அது போயிருந்தது. அங்கே அருங்காட்சியகத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணத்தைச் சுரண்டினார்கள், எண் தெரிந்தது. இன்று அது ஹுசைனிவாலாவில், அவரைத் தகனம் செய்த ஊரில், மரியாதையோடு இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? சரிகை அசலா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? லேசாகச் சுரண்டிப் பார்ப்போம். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல சரிகை. கடைக்காரர் சொல்லும் கதையை நம்பிச் சேலை வாங்காத நாம், துப்பாக்கிக் கதையை மட்டும் ஏன் நம்பினோம்?

பழைய ராணுவப் பிஸ்டல்கள் தம் வரலாற்றை உடம்பிலேயே வைத்திருக்கும். காந்தியைக் கொன்ற பெரெட்டா 1934 மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரகத்தில் செய்தவர் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். செய்த ஆண்டுக்குப் பக்கத்தில் முசோலினி ஆட்சியின் ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். இத்தாலியத் தரைப்படைக்குப் போனதில் ‘ஆர்.இ.’ முத்திரை இருக்கும். ஆனால் இவை எல்லாம் ஆயிரக்கணக்கான பிஸ்டல்களுக்குப் பொது. கோட்சேயின் கையில் இருந்தது இதுதான் என்று சொல்வது, வழக்கில் பதிவான 606824 என்ற எண்தான்.

பெயர் பொறித்திருந்தாலே அசல் என்றும் நினைக்காதீர்கள். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் ஊர்ப் பட்டறைகளில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை முத்திரையோடு நகல் எடுப்பார்கள். அப்படிப்பட்ட நகல்களில் எழுத்துப் பிழை காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் என் கருத்து இதுதான். பொருளில் உள்ள எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் அது சான்று. ஒன்று மட்டும் இருந்தால் அது வெறும் கதை. நம் அருங்காட்சியகங்கள் ‘இன்னார் வாள், இன்னார் துப்பாக்கி’ என்று பெயர்ப்பலகை வைத்தால் போதாது. அது எப்படித் தெரியும் என்பதையும் கீழே ஒரு வரி எழுத வேண்டும். பழைய பொருளுக்குப் பாலிஷ் போடுவதையும் பெயின்ட் அடிப்பதையும் நிறுத்த வேண்டும். இந்தூரில் சுரண்டினால் போகிற வண்ணமாக இருந்தது நம் அதிர்ஷ்டம். அரம் வைத்துத் தேய்த்திருந்தால்?

மகாவீரர் கோயில் இருக்கிற ஊரில் உட்கார்ந்து வாத்தியார் துப்பாக்கிப் பேச்சு பேசுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். அதே கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டு இருப்பதால்தானே? அதன்மேல் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் அவர் பெயரும் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்துத் துப்பாக்கி எதுவும் பரணில் கிடைத்தால், திறந்து பார்க்காதீர்கள், துடைக்காதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றமும் ஆகலாம். நேரே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நான் அனுப்பிய படத்தை மூன்று குழுக்களிலும் அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். தவறைச் சொன்ன பேரனுக்கு நூற்றுக்கு நூறு. வாத்தியாருக்கு இந்த முறை முட்டை மார்க்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், திருப்பருத்திக்குன்றம்